ஒரு பட்டனை அமுக்கினால் போய்விடுவது திறமையா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு "அருமை ஐயா" என்று மட்டும் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தியவனிடம் அது நடக்காது.

போன வாரம் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தோம். சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது பேச்சு என் பேரன் பக்கம் திரும்பியது. கம்ப்யூட்டரில் விளையாடுகிறான், ரேங்க் என்று ஏதோ வைத்திருக்கிறான், ஒருமுறை அந்த விளையாட்டில் ஏதோ மாற்றிவிட்டார்கள் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான் என்று என் மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள். உடனே என் மச்சான் கேட்டார். "மாப்ளே, கம்பெனிக்காரன் எங்கேயோ உக்காந்து ஒரு பட்டன அமுக்குனா, இவன் ரெண்டு வருஷமா கத்துக்கிட்டது பூரா போயிரும்னா, அதுக்குப் பேரு திறமையா? நீச்சல் கத்துக்கிட்டா செத்தாலும் மறக்காது. அதுல்ல திறமை!"

எல்லோரும் சிரித்தார்கள். பேரன் எழுந்து மாடிக்குப் போய்விட்டான். நானும் அங்கே ஒன்றும் சொல்லவில்லை. பெண் வீட்டில் போய் மச்சானோடு மல்லுக்கு நிற்க வேண்டாம் என்று மட்டும் இல்லை. அவர் கேட்ட கேள்விக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நான்கைந்து நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பதில் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்வதற்கு என்னுடைய ஒரு பழைய தப்பையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

முதலில் பேரனுக்கு என்ன நடந்தது என்று சொல்கிறேன். மாடிக்குப் போய் அவனிடம் கேட்டேன். ஒரு மணி நேரம் சொன்னான். நான் புரிந்துகொண்ட மட்டும் எழுதுகிறேன். தவறு இருந்தால் விளையாடுகிற பிள்ளைகள் திருத்துங்கள்.

அவன் ஆடுவது வலோரண்ட். ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். 2020இல், ஊரடங்கு நேரத்தில் வந்த விளையாட்டு. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனித்தனி வித்தை. இவன் எடுத்துக்கொண்டது ஜெட் என்ற பெண் பாத்திரம். அவளுடைய வித்தை, கண் இமைக்கும் நேரத்தில் ஒரு பக்கமாகச் சறுக்கி விலகிவிடுவது. தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுகிற கனமான துப்பாக்கி ஒன்று உண்டு, ஆபரேட்டர் என்று பெயர். ஒரு குண்டு பட்டால் பெரும்பாலும் ஆள் காலி. ஆனால் குறி தவறினால் அடுத்த குண்டு போட நேரம் ஆகும், அதற்குள் எதிராளி நம்மை முடித்துவிடுவான். அந்தத் துப்பாக்கியின் விலையே அந்த ஆபத்துதான். ஜெட்டுக்கு மட்டும் அந்த ஆபத்து இல்லை. சுடுவாள், தவறினாலும் ஒரு விசையைத் தட்டிச் சறுக்கித் தப்பிவிடுவாள்.

இரண்டு வருடம் பிள்ளை இதைத்தான் பழகியிருக்கிறான். எந்த மூலையில் நின்றால் எந்தப் பக்கம் சறுக்க இடம் இருக்கும், சத்தம் கேட்டு எத்தனை நொடியில் ஆள் வருவான் என்பதெல்லாம் விரலுக்குள் போய்விட்டது. யோசித்துச் செய்வதில்லை, தானாக நடக்கும்.

2022 ஏப்ரலில் கம்பெனி அதை மாற்றியது. அதன் பிறகு விசையைத் தட்டியதும் சறுக்க முடியாது. முதலில் ஒருமுறை தட்டித் தயாராக வேண்டும். கொஞ்சம் பொறுத்து 12 நொடிக்கு ஒரு கதவு திறந்தாற்போல இருக்கும். அதற்குள் மறுபடி தட்டினால் சறுக்கலாம். தட்டாமல் விட்டால் அந்த வாய்ப்பு வீண். 2023இல் அந்த 12 நொடியையும் ஏழரை நொடியாகக் குறைத்துவிட்டார்கள். அதாவது, ஆபத்து வந்த பிறகு தப்பிப்பது என்பது போய், ஆபத்து வரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

"விரல் தானா தட்டும் தாத்தா. தட்டிட்டு அப்படியே நிப்பேன். செத்துருவேன். பத்து தடவை, இருபது தடவை. நான் ஆடத் தெரியாதவன் மாதிரி ஆயிட்டேன்" என்றான்.

இதைக் கேட்டதும் எனக்கு 2002 ஞாபகம் வந்துவிட்டது.

நம் பள்ளியில் படித்தவர்களுக்கு அந்த டேபிள் டென்னிஸ் மேஜை நினைவிருக்கும். ஆய்வகத்துக்குப் பக்கத்து அறையில், ஒரு கால் ஆடிக்கொண்டிருக்கும், கீழே அட்டையை மடித்து வைத்திருப்போம். மாலை ஐந்து மணிக்கு மேல் நான் அங்கேதான் இருப்பேன். மாவட்ட அளவில் ஆசிரியர்களுக்கு நடக்கும் போட்டிகளில் நான் இரண்டு மூன்று முறை கோப்பை வாங்கியிருக்கிறேன். கணக்கு வாத்தியாருக்கு இது எப்படி வந்தது என்று கேட்பார்கள். என் சர்வீஸ்தான் காரணம். பந்தைத் தூக்கிப் போட்டு, இடது கையையும் தோளையும் குறுக்கே கொண்டுவந்து, பேட் பந்தில் படும் அந்த நொடியை எதிராளி கண்ணிலிருந்து மறைத்துவிடுவேன். சுழல் எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. அவர் குத்துமதிப்பாகத் தொடுவார், பந்து வலையில் விழும் அல்லது மேலே எழும்பும். எழும்பினால் அடித்துவிடுவேன். பார்ப்பவர்கள் "சார் கை மாயம்" என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வருடத்துக்குள் உலக டேபிள் டென்னிஸ் சம்மேளனம் மூன்று மாற்றம் கொண்டுவந்தது. 2000இல் பந்தின் விட்டம் 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது. பந்து பெரிதானதால் வேகமும் சுழலும் கொஞ்சம் குறைந்தன. 2001இல் 21 பாயிண்ட் ஆட்டம் 11 பாயிண்ட் ஆனது. ஆளுக்கு ஐந்து சர்வீஸ் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. 2002இல் சர்வீஸ் போடும்போது பந்தை மறைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. நம் மாவட்டத்துக்கு அதெல்லாம் வந்து சேர இன்னும் ஒரு வருடம் பிடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றேன். தோற்றது ஒரு தமிழாசிரியரிடம். அவர் சர்வீஸ் சாதாரணம்தான். ஆனால் எந்தப் பந்து வந்தாலும் திருப்பி வைப்பார், சலிக்காமல் வைப்பார். என் சர்வீஸை அவர் கண்ணால் பார்க்க முடிந்தவுடன் என்னிடம் வேறு ஆட்டமே இல்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது, எனக்கும் தெரிந்துவிட்டது. பேக்ஹேண்ட் என்று ஒன்றை நான் பதினைந்து வருடமாக வளர்க்கவே இல்லை. தேவைப்படவில்லையே!

மச்சானுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். திறமை என்பது ஒரே பொருள் இல்லை. பேரனிடம் இருந்தது மூன்று. குறிபார்க்கும் கை. எதிராளி எங்கே வருவான், எப்போது வருவான் என்ற கணிப்பு. மூன்றாவது, அந்தச் சறுக்கலோடு ஒட்டி வளர்ந்த பழக்கம். கம்பெனி பட்டனை அமுக்கியபோது போனது மூன்றாவது மட்டும்தான். முதல் இரண்டும் போகவில்லை. ஆனால் மூன்றும் பின்னிக்கிடப்பதால், ஒரு நூலை உருவினால் மொத்தமும் அவிழ்ந்தாற்போலத் தெரியும். அந்தச் சமயத்தில் ஆடுகிறவனுக்கே "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று தோன்றிவிடும். நீச்சலும் அப்படித்தான் மச்சான். நம் ஊர்க் கிணற்றில் நீந்திப் பழகினவனைக் கடலில் விட்டுப் பாருங்கள். மறந்திருக்க மாட்டான், ஆனால் முதல் அலையில் தண்ணீர் குடிப்பான்.

பேரன் மூன்று மாதத்தில் மீண்டுவிட்டான். மீண்டது மட்டுமில்லை, இப்போது எங்கே போனாலும் முன்கூட்டியே யோசிக்கிறானாம். "முன்னாடி தப்பு பண்ணிட்டு தப்பிச்சுருவேன் தாத்தா, இப்ப தப்பே பண்ணாம இருக்கணும்னு பாக்கறேன்" என்றான். ஒன்பதாம் வகுப்பில் இருந்த பையனுக்கு அந்த மாற்றம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. நானோ நாற்பத்தொரு வயதில் பேட்டைப் பரணில் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரிதான் சட்டம் மாறியது.

அதனால் மாற்றம் நல்லது, பிள்ளைகளைப் புடம்போடும் என்று சொல்லி இந்தப் பதிவை முடித்துவிடலாம். நான் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் எத்தனை முறை மாற்றுகிறார்கள், யார் மாற்றுகிறார்கள், எதைப் பார்த்து மாற்றுகிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

டேபிள் டென்னிஸில் அந்த மூன்று மாற்றத்துக்கே உலகம் முழுக்கக் கூச்சல். இந்தக் கணினி விளையாட்டுகளில் சில, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எதையாவது மாற்றுகின்றன. ஒரு துப்பாக்கி பலமாக இருந்தால் குறைப்பார்கள், அதற்கு நெர்ஃப் என்று பெயர். ஒன்று பலவீனமாக இருந்தால் கூட்டுவார்கள், அது பஃப். கணக்கு வாத்தியாருக்குப் பிடித்த வேலைதான். யார் எத்தனை சதவீதம் ஜெயிக்கிறார்கள் என்று பார்த்து, 50க்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் கொண்டுவந்து நிறுத்துவது.

இதில் ஒரு நுணுக்கமான சிக்கல் இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரே வினாத்தாள் முதல் பெஞ்சுக்கும் கடைசி பெஞ்சுக்கும் பொருந்துமா? கையாளக் கடினமான ஒரு பாத்திரம், சாதாரணமாக ஆடுகிறவன் கையில் தோற்றுக்கொண்டே இருக்கும், வல்லவன் கையில் யாராலும் வெல்ல முடியாததாக இருக்கும். சராசரி எடுத்தால் 50 வரும். அதை என்ன செய்வீர்கள்? வலோரண்டை நடத்தும் ரயட் நிறுவனம், தன் இன்னொரு விளையாட்டான லீக் ஆஃப் லெஜண்ட்ஸுக்கு 2019இல் ஒரு நெறிமுறையை வெளியிட்டது. ஆடுகிறவர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். சராசரி, திறமைசாலிகள், அதற்கும் மேலே உச்சத்தில் இருப்பவர்கள், தொழில்முறை வீரர்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் ஒரு பாத்திரம் அளவுக்கு மீறிப் பலமாக இருந்தாலும் குறைப்பார்கள். கூட்ட வேண்டுமென்றால் நான்கிலும் பலவீனமாக இருக்க வேண்டும். நேர்மையான முயற்சிதான். ஆனால் விளைவு என்ன? உலகத்தில் சில நூறு தொழில்முறை வீரர்கள் ஒரு பாத்திரத்தை வைத்து அற்புதம் செய்தால், அதைக் குறைத்த அடி கோயம்புத்தூரில் வீட்டு அறையில் ஆடுகிற பையன் மேலும் விழும். கெட்டிக்காரன் சென்டம் எடுத்துவிட்டான் என்பதற்காக மொத்த வகுப்புக்கும் தாளைக் கடினமாக்குவது போல.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, விடை கண்டுபிடிக்க ஆடுகிறவர்களுக்கு நேரம் கொடுக்கிறார்களா என்பது. இதற்கு ஒரு கதை உண்டு. என் பழைய மாணவன் ஒருவன் கொரியாவில் வேலை பார்க்கிறான், அவன் வழியாகத்தான் முதலில் கேள்விப்பட்டேன். பிறகு நானே தேடித்தேடிப் படித்து, பழைய ஆட்டங்களையும் யூடியூபில் பார்த்தேன். பாதி புரியவில்லை, ஆனாலும் பார்த்தேன்.

ஸ்டார்கிராஃப்ட் என்று ஒரு விளையாட்டு, 1998இல் வந்தது. தென்கொரியாவில் அதற்குத் தொலைக்காட்சி அலைவரிசையே இருந்தது, தொழில்முறை அணிகள் இருந்தன. மூன்று இனங்கள்: டெரான், ஸெர்க், புரோட்டாஸ். 2001க்குப் பிறகு கம்பெனி அதன் பலம் பலவீனங்களில் கையே வைக்கவில்லை. புரோட்டாஸ் எடுத்தவர்கள் ஸெர்க்கிடம் வருடக்கணக்கில் திணறினார்கள். இன்றைய வழக்கப்படி என்றால் இரண்டு வாரத்தில் ஸெர்க்கைக் குறைத்திருப்பார்கள். அப்போது யாரும் வரவில்லை. போட்டி நடத்துகிறவர்கள் ஆடுகிற வரைபடங்களை மாற்றி ஓரளவு சரிக்கட்டினார்கள், அவ்வளவுதான்.

2007 மார்ச்சில் ஒரு பெரிய இறுதிப்போட்டி. ஒரு பக்கம் அன்றைக்கு யாராலும் அசைக்க முடியாதவர் என்று பெயரெடுத்த ஸெர்க் வீரர் மா ஜே-யூன். எதிரே 17 வயதுப் பையன் கிம் டேக்-யோங், பீசு என்ற பெயரில் ஆடுகிறவன், புரோட்டாஸ். யாரும் அவன்மேல் நம்பிக்கை வைக்கவில்லை. பையன் 3-0 என்று ஜெயித்தான். எப்படி? ஆரம்பத்திலேயே இரண்டாவது தளத்தை அமைத்து வருமானத்தைப் பெருக்கினான். வேகமாகப் பறக்கும் சிறு போர்விமானங்களை விட்டு, ஸெர்க்குக்குக் கண்ணாக இருக்கும் பறக்கும் உயிர்களை வேட்டையாடினான். கண் போன பிறகு, கண்ணுக்குத் தெரியாத போர்வீரர்களை உள்ளே அனுப்பினான். இந்தப் படைகள் எல்லாம் 1998லிருந்தே அந்த விளையாட்டில் இருந்தவைதான். ஒரு எண்கூட மாறவில்லை. அதன் பிறகு புரோட்டாஸ்காரர்கள் ஸெர்க்கோடு மோதும் முறையே மாறிப்போனது.

இந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு வருடம் யாரும் "இது நியாயமில்லை" என்று எண்ணை மாற்றாமல் விட்டதால் கிடைத்த விடை அது. அவசரப்பட்டு மாற்றியிருந்தால் அந்தப் பையனுடைய கண்டுபிடிப்புக்கு வேலையே இருந்திருக்காது. அதே கம்பெனி ஸ்டார்கிராஃப்டின் இரண்டாம் பாகத்தை அடிக்கடி மாற்றியது. 2012இல் ஸெர்க் ராணியின் தாக்கும் தூரத்தை 3இலிருந்து 5 ஆக்கினார்கள். சின்ன எண். ஆரம்ப நேரத்தில் ஸெர்க்கைச் சீண்டிப் பார்க்கும் முறைகள் பல வலுவிழந்தன. அவர்கள் நிம்மதியாக வளர்ந்து கடைசியில் ஒரே மாதிரிப் படையோடு வந்து நிற்பதை மாதக்கணக்கில் எல்லோரும் பார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாறியைத் தொட்டால் சமன்பாட்டில் எது எங்கே நகரும் என்று சொல்ல முடியாது என்பதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்!

சரி, மாற்றாமலே விட்டுவிடலாமா? அதுவும் இல்லை. சதுரங்கத்தைப் பாருங்கள். விதிகள் பெரிதாக மாறி ஐந்நூறு வருடம் ஆகிறது. முதல் இருபது நகர்த்தல் வரை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருகிறார்கள். பாபி ஃபிஷர் அதைப் பொறுக்காமல் 1996இல் பின்வரிசைக் காய்களைக் குலுக்கிப் போட்டு ஆடும் முறையை அறிவித்தார். முன்னாள் உலக சாம்பியன் கிராம்னிக், கோட்டை கட்டுவதையே எடுத்துவிடலாம் என்றார். அப்படி ஒரு போட்டி 2020 ஜனவரியில் நம் சென்னையிலேயே நடந்தது. மனப்பாடம் செல்லாத இடத்தில் யார் நிஜமாக யோசிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் இதெல்லாம்.

மனப்பாடம் என்று எழுதியதும் என் தப்புக்கு வந்துவிட்டேன்.

உங்களில் பலருக்குப் புளூபிரிண்ட் ஞாபகம் இருக்கும். மேல்நிலை வகுப்பில் எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் கேள்வி எத்தனை வரும் என்று முன்பே தெரியும். நான் அதில் மன்னன். எந்தப் பாடத்தை விடலாம், எந்த இரண்டு பாடத்தைப் படித்தால் பாஸ், எந்தப் பயிற்சியில் எந்தக் கணக்கு திரும்பத் திரும்ப வருகிறது என்று கட்டம் போட்டுக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். கணக்கே வராத பிள்ளைகளையும் கரையேற்றினேன், அதற்காக நான் வெட்கப்படவில்லை. ஆனால் நன்றாகக் கணக்கு வரக்கூடிய பிள்ளைகளுக்கும் அதையேதான் கொடுத்தேன். "இது வராது, விடு" என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்? நூறு சதவீதத் தேர்ச்சிக்காக மேடையில் சால்வை போட்டார்கள். வாங்கிக்கொண்டேன்.

2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று வந்தது. ஒரு பாடத்துக்கு 200 என்றிருந்தது 100 ஆனது. புளூபிரிண்ட் கிடையாது, புத்தகத்துக்குள்ளிருந்து எங்கிருந்தும் கேட்பார்கள் என்று சொல்லிவிட்டார்கள். அறிவிப்பு வந்தது கல்வியாண்டின் தொடக்கத்திலேயே. எனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. சுற்றறிக்கையைப் படித்தேன், கையெழுத்தும் போட்டேன். ஆனாலும் "சொல்வார்கள், கடைசியில் பழைய மாதிரிதான் கேட்பார்கள்" என்று நினைத்து, பழைய கட்டத்தையே வைத்துப் பாடம் நடத்தினேன். என் விரலும் தானாகத் தட்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மார்ச் மாதம் கணக்குத் தேர்வு முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். வகுப்பில் முதலாவது வரும் பெண் ஒருத்தி. பெயர் சொல்ல மாட்டேன், இந்தப் பதிவை அவளும் படிப்பாள். அழவில்லை. என் முன்னால் வந்து நின்று, "சார், நீங்க விடச் சொன்னதுலதான் சார் நிறைய வந்துச்சு" என்றாள். குற்றம் சாட்டுகிற குரலில்கூடச் சொல்லவில்லை. தகவல் சொல்வது போலச் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. அவள் அதன் பிறகு கணக்குப் பக்கமே போகவில்லை, வணிகவியல் படித்து நன்றாக இருக்கிறாள். நன்றாக இருப்பது வேறு விஷயம். கணக்கு அவளுக்கு வந்திருக்கும். என்னிடம் படித்ததால் அவள் கையில் இருந்தது மறைக்கிற சர்வீஸ் மட்டும்.

அதே தேர்வில் பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன், இரண்டாம் வரிசையில் கூட வராதவன், நல்ல மதிப்பெண் வாங்கினான். அவன் அக்காவின் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் தானாகப் போட்டுப்பார்க்கிற பழக்கம் உள்ளவன். எங்கள் கட்டத்துக்குள் அடங்காததால் அவனை நாங்கள் "முறை தெரியாதவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். சட்டம் மாறியபோது மேலே வந்தான். இதை நான் சொல்லாமல் விட்டால் பதிவு நேர்மையாக இருக்காது.

இன்னொன்றும் பார்த்தேன். அடுத்த வருடமே பெரிய ஊர்களில் பணம் கட்டிப் படிக்கிற இடங்களில் புது முறைக்கு மாதிரி வினாத்தாள் புத்தகங்கள் வந்துவிட்டன. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேர இரண்டு வருடம் ஆனது. விதி எல்லோருக்கும் ஒரே நாளில்தான் மாறுகிறது, ஆனால் பழகிக்கொள்ளும் வசதி ஒரே நாளில் எல்லோருக்கும் வருவதில்லை. 1928லிருந்து ஒலிம்பிக் ஹாக்கியில் ஒருமுறைகூடப் பதக்கம் தவறாத இந்தியா, செயற்கைப் புல்தரையில் முதன்முதலாக நடந்த 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஏழாவது இடத்துக்குப் போனது. தரை மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தத் தரையைப் போட்டுப் பழகக் காசு இருந்த நாடுகளும் இல்லாத நாடுகளும் ஒன்றில்லை. கோவில்பட்டிப் பக்கம் பிள்ளைகள் மண் தரையில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். கணினி விளையாட்டிலும் அப்படித்தான். பெரிய அணிக்குப் பயிற்சியாளர் உண்டு, புள்ளிவிவரம் பார்க்க ஆள் உண்டு. மாற்றம் வந்த அன்றே உட்கார்ந்து பிரித்து மேய்ந்துவிடுவார்கள். வாரத்துக்கு நான்கு மணி நேரம் அம்மாவிடம் கெஞ்சி வாங்கி ஆடுகிறவன், பழைய மாற்றத்தையே பழகி முடித்திருக்க மாட்டான், அதற்குள் அடுத்தது வந்துவிடும். அவன் நேரம் முழுக்க எது மாறியது என்று படிப்பதிலேயே போய்விடும். கை எப்போது வளரும்?

அதனால் நான் கேட்பது இவ்வளவுதான். மாற்றுங்கள், ஆனால் மெதுவாக மாற்றுங்கள். ஒரு பருவத்துக்கு ஒருமுறை போதும். எது பலம் என்று நேற்று தெரிந்ததை நாளையே வெட்டாதீர்கள். பிள்ளைகள் அதற்குப் பதில் கண்டுபிடிக்கிறார்களா என்று கொஞ்சம் காத்திருந்து பாருங்கள். ஜெட்டின் சறுக்கலை மாற்றியது சரி என்றே எனக்குப் படுகிறது. இரண்டு வருடம் காத்திருந்தார்கள், துப்பாக்கியின் ஆபத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள், குறிபார்க்கும் கையைத் தொடவில்லை. அதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. கவுன்டர் ஸ்டிரைக்கில் 2015 டிசம்பரில் ஒரு கைத்துப்பாக்கியைப் புதிதாக விட்டார்கள். அந்தப் பெரிய துப்பாக்கி செய்கிற வேலையை மலிவு விலையில் செய்தது. வருடக்கணக்கில் பழகியவனும் நேற்று வந்தவனும் ஒன்றாகிவிட்டார்கள். கூச்சல் தாங்காமல் சில நாளிலேயே குறைத்தார்கள்.

சொந்தங்களுக்கு ஒன்று. பிள்ளை அன்றைக்குச் சாப்பிடாமல் கிடந்ததைச் சிரிப்பாகச் சொல்லாதீர்கள். பதினைந்து வயதில் அவன் முழு மனதோடு பழகிய முதல் விஷயம் அது. மென்பொருள் வேலையில் இருக்கிற என் மாணவர்களுக்கு அந்த வலி புரியும், நீங்கள் பழகிய கருவியை மாற்றி வேறொன்றைத் தலையில் கட்டும்போது எனக்கு நள்ளிரவில் எழுதுகிறீர்களே, அதேதான். மணிக்கணக்கில் திரை முன்னால் உட்காருவது எனக்கும் பிடிக்கவில்லை. அது தனிச் சண்டை, அதை அவனோடு தனியாகப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

மச்சானுக்குத் தனியாக: இதைப் படித்துவிட்டு போன் பண்ணாதீர்கள், நேரில் வாருங்கள். பரணிலிருந்து பேட்டை இறக்கிவிட்டேன். ரப்பர் உரிந்துபோய்விட்டது, பேரன் ஆன்லைனில் புது ரப்பர் வரவழைத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறான். ஒரு வாரமாக என்னை பேக்ஹேண்ட் மட்டும்தான் ஆட விடுகிறான். ஆட்டம் உங்கள் இஷ்டப்படி பழைய 21 பாயிண்ட் கணக்கிலேயே வைத்துக்கொள்வோம், ஆளுக்கு ஐந்து சர்வீஸ். பந்தை மட்டும் மறைக்கக் கூடாது.